மறுக்கக் கேட்ட கல்லூரி

சதீஷ் அழுதுவிடுவான் போலிருந்தது. அவன் கையில் நான் கொடுத்த துண்டுச்சீட்டு. அதில் கொட்டை எழுத்தில் 'எர்ணாகுளம், பி.ஏ. ஆங்கிலம்' என்று எழுதி அடியில் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"டீச்சர், எனக்கு இங்கிலீஷ்ல சேந்தாப்ல ரெண்டு வார்த்த பேச வராது. என்னத்துக்கு இதக் குடுத்தீக?"

"நீதான கண்ணு கேட்டிருக்கற? உன்ற பேப்பருல மொத வரியே இதுதான?"

"அது மறுக்கறதுக்கு எழுதுனது டீச்சர்!"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். எல்லாத் தலையும் 'ஆமாம்' என்று ஆடியது. 'இது கூடவா உங்களுக்குத் தெரியாது' என்ற பாவனையில் என்னைப் பார்த்தார்கள்.

ஏலப்பாறைக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. நான் பொருளாதாரம் நடத்துகிறவள். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளில் விருப்பப்பட்டவர்களைச் சனிக்கிழமை காலையில் உட்கார வைத்து, கல்லூரியில் சேருவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அன்று நல்ல மழை. தகரக் கூரை மேல் விழும் சத்தத்தில் நான் கத்திக்கொண்டிருந்தேன். ஈரக் காலுறையின் நாற்றமும் கீழே ஃபாக்டரியில் தேயிலை வறுபடும் வாசனையும் கலந்து வகுப்பை நிறைத்திருந்தன.

(பஸ்ஸில் குடையைத் தொலைத்த பழைய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். குடை கிடைத்ததா என்று கேட்டவர்களுக்கு: கிடைக்கவில்லை. அன்றும் நனைந்துகொண்டுதான் வகுப்புக்குப் போனேன்.)

ஒரு காலைக்கு நானே கம்ப்யூட்டர்

எங்கள் பக்கத்தில் பட்டப்படிப்புக்குச் சேருகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். வேண்டிய கல்லூரிகளையும் படிப்புகளையும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வரிசையாகக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மதிப்பெண்ணைப் பார்க்கும். பிறகு வரிசையில் மேலிருந்து கீழே வரும். எது முதலில் பொருந்துகிறதோ அதைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அத்தோடு போயிற்று. இதற்கு அலாட்மெண்ட் என்று பெயர்.

அன்று அதை ஒரு விளையாட்டாக நடத்திப் பார்த்தேன். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து வரி எழுதிக் கொடுத்தார்கள். நான் கம்ப்யூட்டராக இருந்து, அவர்களுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இடம் ஒதுக்கினேன். கடைசியில் வகுப்பே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்திருந்தது. ஒருவருக்கும் அது வேண்டாம்.

பிளஸ் ஒன்னில் சேருகிறபோதும் ஏறக்குறைய இதே முறைதானே, அப்போது எப்படித் தப்பித்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் படிக்க அக்கம்பக்கத்தில் இருப்பது எங்கள் பள்ளி ஒன்றுதான். ஒரே வரி எழுதினார்கள், அதுவே கிடைத்தது. வரிசை என்ற பேச்சே அங்கே எழவில்லை.

"மறுக்கறதுக்கு எழுதறதுன்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மூன்றாவது பெஞ்சில் அபிநயா என்று ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். அவள்தான் எழுந்து, "திங்கக்கிழம எங்கம்மா மஸ்டர்ல லீவு கேக்கப் போறாக. பாக்க வாரீகளா டீச்சர்?" என்றாள்.

பேச்சியம்மா கேட்ட லீவு

மஸ்டர் என்பது காலையில் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம். அங்கிருந்துதான் யார் எந்தக் காட்டுக்குக் கொளுந்து பறிக்கப் போவது என்று பிரித்து விடுவார்கள். பனி மூட்டத்தில் முகமே தெரியவில்லை. பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக்கொண்டு, கையில் பால் சேர்க்காத கட்டன் சாயாவோடு நின்றார்கள். அபிநயாவின் அம்மா பேச்சியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராக சூப்பர்வைசரிடம் போனார்.

"ஐயா, நாலு நாளு லீவு வேணும்."

"நாலு நாளா? கொளுந்து முத்திப் போய்க் கிடக்குது, நாலு நாளு கேக்குற!"

"அப்பம் ரெண்டு நாளாச்சும் குடுங்க."

"ஒரு நாளுகூட முடியாது பேச்சியம்மா."

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேலயாவது விடுங்கய்யா. கண்ணு ஆசுபத்திரிக்குப் போவணும்."

"அத மொதல்லயே சொன்னா என்ன? போ, போ."

பேச்சியம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்த அரை நாள்தான். சூப்பர்வைசருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. இருவரும் பலமுறை ஆடிப் பழகிய ஆட்டம்.

"மொதல்லயே அரை நாளு கேட்டிருந்தா என்னங்க அக்கா?" என்று கேட்டேன்.

"அரை நாளு கேட்டா அரை மணி நேரம்தான் தருவாக டீச்சர். மொதல்ல கேக்குறது மறுக்கறதுக்கு. அவுகளுக்கும் ஒண்ண மறுத்தாத்தான மனசு ஆறும்? கடைசியா கேக்குறதுதான் நமக்கு."

எனக்கு இதில் அளவு கடந்த ஆர்வம் வந்துவிட்டது. பொருளாதாரப் பாடத்தில் பேரம் என்று பல பக்கங்கள் உண்டு. அதில் இத்தனை மரியாதை கிடையாது. "சரி, மறுக்கறதுக்குக் கேட்டத அவங்க குடுத்துப்போட்டா?" என்று விடாமல் கேட்டேன்.

பேச்சியம்மாவும் பக்கத்தில் நின்ற பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் லயத்தில் முருகையா என்று ஒருவர். (ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தோட்டத்து வீடுகளை லயம் என்பார்கள்.) அவருக்குப் பல்வலி. ஏலப்பாறைக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வர ஒரு மத்தியானம் போதும். வழக்கப்படி ஒரு வாரம் கேட்டார். அன்று புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு வழக்கம் தெரியாது. "தாராளமா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"அது எப்படி டீச்சர்? கேட்டது நாம. குடுத்தப்புறம் திருப்பிக் குடுத்தா, சும்மா கேக்காகன்னு ஆயிரும்லா? அதுக்கப்புறம் லயத்துல ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாக."

பாவம் முருகையா, போக்கிடம் இல்லாமல் தென்காசியில் மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு வாரமும் உட்கார்ந்திருந்துவிட்டு, பல்லை அங்கேயே பிடுங்கிக்கொண்டு திரும்பினாராம்.

என் அப்பாவும் டிராக்டரும்

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பாதி வழியில் என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

நான் எலப்புள்ளிக்காரி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, நெல் விளைகிற ஊர். எங்கள் அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் டிராக்டர் கேட்கப் போவார். நானும் உடன் போவேன். "ஏனுங்க, ஊட்டுல இருக்கறீங்களா?" என்று தொடங்குவார். மழை வருமா வராதா என்று பேசுவார்கள். மாடு சினையானது, பையனுக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தது, வாளையாறில் வண்டிகள் நின்றது எல்லாம் வரிசையாக வரும். காபி வரும், குடித்து முடிப்பார். "வர்றனுங்க" என்று எழுந்தும் விடுவார். வாசல் கேட்டில் கை வைத்த பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவு வந்தாற்போல, "அப்புறமுங்க, அந்த டிராக்டரு நாளைக்குச் சும்மா இருக்குதுங்களா?" என்பார்.

சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக வரும். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டால் என்ன என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். "அப்படிக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்பார் அம்மா. அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஆக மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, எங்கள் ஆட்கள் வேண்டியதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற ஒரு பிறவியோடு அவர்களுக்குப் பழக்கம் இல்லை. கம்ப்யூட்டர் வந்துதான் அந்தப் பழக்கம் வர வேண்டியிருக்கிறது. என் அப்பா அலாட்மெண்டுக்கு எழுதியிருந்தால் டிராக்டருக்குப் பதில் சினை மாடு கிடைத்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை முழுக்க இதே பாடம்தான். மிஷினுக்கு முகம் கிடையாது, மறுத்தால் அதற்கு மனசு ஆறாது, போன வருஷம் யார் என்ன கேட்டார்கள் என்று அதற்கு ஞாபகமும் இருக்காது, முதலில் எழுதுவதுதான் நிஜம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். சதீஷ் மட்டும் சந்தேகத்தோடு, "அந்த மிஷின யாரு டீச்சர் பாத்துக்கிடுதாக? அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாக்கலாம்லா?" என்று கேட்டான்.

சீட்டை மாற்றாத பெண்

பாடம் முடிந்ததும் எல்லாரும் தங்கள் வரிசையைத் திருத்தி எழுதினார்கள். சதீஷ் ஹோட்டல் மேனேஜ்மெண்டை மேலே கொண்டுவந்தான். அபிநயா மட்டும் அசையவில்லை. அவளுக்கு விளையாட்டு அலாட்மெண்டில் கிடைத்தது எர்ணாகுளம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஜியாலஜி. அந்தச் சீட்டை ஜியோமெட்ரி டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தாள்.

"உனக்கு மாத்த வேண்டாமா?"

"வேண்டாம் டீச்சர்."

"இது மறுக்கறதுக்கு எழுதுனது இல்லியா கண்ணு?"

எல்லாரும் வெளியே போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "எங்க லயத்துக்குப் பின்னால ரெண்டு சரிவு இருக்கு டீச்சர். ரெண்டுலயும் ஒரே தேயிலதான். ஒரே மழதான் பெஞ்சிச்சு. ஒண்ணு சரிஞ்சு எங்க கோழிக்கூட்டையும் பலா மரத்தையும் கொண்டு போயிட்டு. இன்னொண்ணு அப்படியே நிக்கி. அது ஏன்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியாது.

"ஆருக்கும் தெரியல டீச்சர். அதான் படிக்கணும்."

"அம்மாகிட்டச் சொன்னயா?"

"சொன்னா வேண்டாம்பாக. பக்கத்துக் காலேஜுல பி.காம் படிச்சிட்டுச் சாயங்கால பஸ்ஸுல வீட்டுக்கு வந்துரணும் அவுகளுக்கு. மொத வரில எல்லாரும் பெருசா என்னத்தையாவது எழுதுவாக, ஆரும் கண்டுக்க மாட்டாக. அதான் அங்கன எழுதுனேன்."

மறுப்பதற்கென்று ஊரே ஒதுக்கி வைத்த இடத்தில் இவள் தன் ஆசையை ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

முதல் வரி

ஒரு வருஷம் ஓடியது. பிளஸ் டூ முடிவு வந்து, அபிநயா நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். அவள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாதம் ஒருமுறை வருவார். அதனால் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவளோடு பேச்சியம்மாதான் வந்தார். துணைக்கு நானும் போனேன்.

"மொதல்ல பெருசா ஒண்ணு போடுங்க தம்பி" என்றார் பேச்சியம்மா, கீபோர்டில் உட்கார்ந்திருந்த பையனிடம்.

"ஜியாலஜி" என்றாள் அபிநயா, யாரையும் பார்க்காமல்.

"அதப் போடுங்க. ரெண்டாவது நம்ம பக்கத்துக் காலேஜு, பி.காம்."

நான் குறுக்கிட்டேன். "அக்கா, மொதல்ல போடறது கிடைச்சா அதுதானுங்க. ரெண்டாவது வரவே வராதுங்க. அப்புறம் சங்கடப்படக் கூடாது பாருங்க."

"நீங்க பெத்தவுக மீட்டிங்லயும் சொன்னீக டீச்சர், கேட்டேன். எங்க குடுக்கப் போறாக? மொதத் தடவ கேட்டதும் குடுத்த ஆள நான் இன்னும் பாத்ததில்ல."

அபிநயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மற்றது தாய் பாடு, மகள் பாடு என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

சில நாளில் ட்ரையல் அலாட்மெண்ட் வந்தது. யாருக்கு எது கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டுகிற ஒத்திகை அது. பிடிக்காவிட்டால் வரிசையை மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் தருவார்கள். அபிநயாவின் பெயருக்கு நேரே ஜியாலஜி என்று இருந்தது.

திருப்பூரிலிருந்து அப்பா போனில் சத்தம் போட்டாராம். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது, உடனே மாற்று என்று. மாற்றுவதற்கு மறுநாள் மாலை வரைதான் நேரம். பேச்சியம்மாவிடம் போய்ப் பேசலாமா என்று செருப்பை மாட்டினேன், கழற்றினேன். அந்த வீட்டில் ராத்திரி பேச்சியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அடுப்பு மூட்டுவதற்கு இருப்பது அந்தப் பெண் ஒருத்திதான். அதை நான் எப்படி 'விட்டுக் கொடுங்கள்' என்று கேட்பது?

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது பேச்சியம்மாவே பள்ளிக்கு வந்தார். காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். காலில் பூட்ஸ், இடுப்பில் விரிப்பு, விரலெல்லாம் கொளுந்துக் கறை. ஸ்டாஃப் ரூமுக்குள் வர மாட்டேன் என்று வராந்தாவிலேயே நின்றுகொண்டார்.

"டீச்சர், இப்பமும் மாத்தலாம்லா?"

"மாத்தலாமுங்க. சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்குதுங்க."

"மாத்துனா?"

"பி.காம் மேல வந்துருமுங்க. ஜியாலஜி போயிருமுங்க."

"அதுல என்னத்தப் படிப்பாக?"

"மண்ணு, பாறைங்க. மலை ஏன் சரியுது, எது சரியும், எது நிக்கும்னு."

பேச்சியம்மா விரல் கறையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "எங்க வீட்டுக்குப் பின்னாடி சரிஞ்சிச்சே, அது மாதிரியா?"

"ஆமாங்க அக்கா. அத வெச்சுத்தான் அவளுக்கு இந்த ஆசையே."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே டீச்சர்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கறை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழு டம்ளரையும் குடித்தார்.

பிறகு சொன்னார். "மாத்த வேண்டாம்."

"அக்கா..."

"கேட்டது நாம. குடுத்துட்டாக. இப்பம் போயி வேண்டாம்னா அந்த மிஷினு நம்ம லயத்துப் பிள்ளைகளுக்கு இனிமே எதாச்சும் குடுக்குமா? அடுத்த வருசம் முருகையாண்ணன் பேத்தி இருக்கா. அவ என்ன செய்வா?"

அதற்கு முகமும் கிடையாது, ஞாபகமும் கிடையாது என்று ஒரு வருஷமாக நான் நடத்திய பாடம் நாக்கு நுனி வரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன். அந்த ஒரு பாடத்தைப் பேச்சியம்மாவுக்கு மட்டும் நான் நடத்துவதாக இல்லை.

வராந்தாவில் நின்றபடியே புருஷனுக்குப் போன் போட்டு இதையே சொன்னார். அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். எதிர்ப் பேச்சே வரவில்லை.

நாலு நாள்

மகளை ஹாஸ்டலில் கொண்டு விடப் பேச்சியம்மாவுக்கு ஒரு நாள் லீவு போதும். காலைப் பஸ்ஸில் போய் விட்டுவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். மஸ்டரில் வழக்கப்படி நாலு நாள் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் அவரையே பார்த்தாராம். எத்தனையோ வருஷமாக மறுத்துப் பழகிய மனுஷன். "நாலு நாளும் எடுத்துக்கோ பேச்சியம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாராம்.

அவர்கள் போய் மூன்றாவது நாள் எனக்குப் போன் வந்தது. அபிநயாதான்.

"டீச்சர், அம்மாட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்க. நர்ஸ் வேல பாக்குற எங்க மதினி ரூமுல தங்கிக்கிட்டு, தெனமும் காலையிலயே வந்து காலேஜு வாசல்ல உக்காந்திருக்காக. வாட்ச்மேன் கேக்காரு. வீட்டுக்குப் போங்கன்னா போக மாட்டேங்காக. குடுத்த லீவாம். முழுசா எடுத்துக்கிடணுமாம்."

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், பின்னால் பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே பேச்சியம்மாவின் குரல் கேட்டது.

"ஆரு, டீச்சரா? இங்க கடலு எந்தப் பக்கமா இருக்குன்னு கேளு பிள்ள. இன்னும் ஒரு நாளு கெடக்குல்லா."